என் பெயரில் வந்த கட்டுரை

ஜூன் 26, திங்கள்

வங்கிக்கு லீவு சொல்லிவிட்டேன். வலது கணுக்கால் பப்பாளிப்பழம் மாதிரி வீங்கியிருக்கிறது என்று அம்மா சொல்கிறாள். தொட்டுப் பார்த்தேன். அவள் மிகைப்படுத்தவில்லை. எலும்பு உடையவில்லை, தசைநார்தான் என்றார் டாக்டர்.

நேற்று ‘தெருமுனை’ கூட்டம். எங்கள் ஊரைப் பற்றி நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து எழுதுகிற வலைப்பதிவு அது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலக மாடியில் கூடுவோம். தளத்தைப் பராமரிக்கும் தயாளன், பழைய கோர்ட்டு ரோடு முழுக்க வேலை நடக்கிறது, பஸ் ஸ்டாண்டில் நில்லுங்கள், நான் வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தார். அரை மணி நேரம் நின்றேன். வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. கிளம்பிவிட்டேன். எனக்குப் பார்வை கிடையாது. ஆனாலும் இத்தனை வருடமாகக் கோலைத் தட்டிக்கொண்டு தனியாகத்தான் வேலைக்குப் போய் வருகிறேன்.

ஸ்டேஷனரி கடையைத் தாண்டியதும் கோல் ஒரு மண்மேட்டில் தட்டியது. சுற்றிப் போக இடது பக்கம் ஒதுங்கினேன். அடுத்த அடிக்குத் தரை இல்லை. மழைநீர் வடிகாலுக்கு வெட்டி, சுவர் கட்டி, மேலே மூடாமல் விட்டிருக்கிறார்கள். ஒரு கயிறுகூடக் கட்டவில்லை. இடுப்பளவு ஆழம். உள்ளே மழைநீர் இல்லை, வேறு நீர். தூக்கிவிட்டவர் நல்ல மனிதர்தான். தூக்கிவிட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, கூட யாரும் வரலையாம்மா என்பது.

சாயங்காலம் தயாளன் போன் செய்தார். பதறித்தான் போயிருந்தார். பிறகு, “ஏன் தனியா வந்தீங்க? கொஞ்சம் காத்திருந்திருக்கலாம்ல?” என்றார்.

எங்கே இருந்தார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஜூன் 28, புதன்

எழுதி அனுப்பிவிட்டேன்.

தெருமுனைக்கு எழுதுவது எனக்குப் பிடித்ததற்குக் காரணமே அதன் முறைதான். பளபளப்பான பக்கம் எதையும் திறக்க வேண்டாம். வெறும் உரைக் கோப்பு. அதில் எழுதி, கிட் என்கிற மென்பொருளில் நான்கு கட்டளைகள் தட்டினால் எல்லாருக்கும் பொதுவான களஞ்சியத்துக்குப் போய்விடும். தயாளன் பார்த்து ஏற்றுக்கொண்டால் தளத்தில் வெளியாகும். எல்லாமே எழுத்து என்பதால் என் கணினியின் திரைவாசிப்பான் ஒன்று விடாமல் வாசித்துச் சொல்லும். யார் எந்தச் சொல்லை எப்போது மாற்றினாலும் தெரியும். இரண்டு வருடம் முன்பு அந்த நான்கு கட்டளைகளையும் எனக்குப் போனில் சொல்லிக்கொடுத்தது தயாளன்தான். ஒரு வாரம் தினமும் பேசினோம். தப்பாகத் தட்டினால் சிரிக்க மாட்டார். அது போகட்டும்.

தலைப்பு: ‘பழைய கோர்ட்டு ரோட்டில் மூடாத வடிகால்’. ஸ்டேஷனரி கடை வாசலிலிருந்து புளியமரம் வரைக்கும், இடது ஓரம், நாற்பது அடி நீளம் என்று இடத்தைத் தெளிவாக எழுதினேன். என் தோழி ரஹீமாவைப் போய் அளந்து வரச் சொல்லி எழுதியது. மூடும் வரை அந்த ஓரம் நடக்காதீர்கள் என்று எழுதினேன். ஒப்பந்ததாரர், வார்டு பொறியாளர் இருவரின் பொறுப்பு எது என்று எழுதினேன். கடைசியில் இப்படி: ‘எனக்கு அனுதாபம் வேண்டாம். மூடி வேண்டும். நான் கோபமாக இருக்கிறேன்.’

நடுவில் ஒரு வரி, ‘வருவதாகச் சொன்ன நண்பர் வரவில்லை’ என்று. நடந்ததைத்தானே எழுதினேன்.

ஜூன் 29, வியாழன்

ஒன்பது நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்தது. நொண்டிக்கொண்டே குடங்களை நிரப்பினேன். நீ போய் உட்காரு என்று அம்மா கத்திக்கொண்டே இருந்தாள். உட்காரவில்லை.

ஜூன் 30, வெள்ளி

கட்டுரையை இன்னும் ஏற்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. காலையில் இரண்டு முறை பார்த்தேன், மதியம் ஒரு முறை, இப்போது ஒரு முறை.

ஜூலை 3, திங்கள்

வேலைக்குத் திரும்பினேன். கவுன்ட்டரில் உட்கார்வதற்குள் காசாளர் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். படித்துவிட்டு அழுதுவிட்டாராம். ஒரு வாடிக்கையாளர், “உங்களப் பாத்துதாம்மா நாங்கல்லாம் வாழக் கத்துக்கணும்” என்று சொல்லிவிட்டுச் செக்கை நீட்டினார். வடிகாலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

மதியம் சாப்பிடப் போகாமல் கட்டுரையைத் திறந்தேன்.

தலைப்பு: ‘விழுந்தாலும் எழுவேன்’.

களஞ்சியத்தில் என்ன மாறியிருக்கிறது என்று கேட்டேன். நீக்கிய வரிக்கு முன்னால் கழித்தல், சேர்த்த வரிக்கு முன்னால் கூட்டல். திரைவாசிப்பான் குரல் மாறாமல் வாசித்தது. கழித்தல், ஸ்டேஷனரி கடை வாசலிலிருந்து. கழித்தல், ஒப்பந்ததாரரின் பொறுப்பு. கழித்தல், வருவதாகச் சொன்ன நண்பர். கழித்தல், நான் கோபமாக இருக்கிறேன். கூட்டல், ‘கண்களில் ஒளி இல்லாவிட்டால் என்ன, என் மனதில் ஒளி இருக்கிறது.’ கூட்டல், ‘அந்தப் பள்ளம் எனக்கு ஒரு பாடம்.’ கூட்டல், ‘வாழ்க்கை என்னைத் தள்ளிவிடும்போதெல்லாம் நான் புன்னகைக்கிறேன்.’

சாக்கடையில் விழுந்தபோது நான் புன்னகைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தேன், உள்ளே போய்விடக் கூடாதே என்று.

படமும் இருக்கிறதாம். காசாளர் விவரித்தார். நான் கோலோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேனாம், பின்னால் சூரியன் இறங்குகிறதாம். எப்போது எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரும் கேட்கவில்லை.

மேலே எழுதியவர் பெயர்: ஜெயசீலி.

ஜூலை 4, செவ்வாய்

தயாளனிடம் பேசினேன். முதலில், மொழியைக் கொஞ்சம் செம்மைப்படுத்தினேன், எல்லாருடைய கட்டுரைக்கும் செய்வதுதானே என்றார். ரஹீமாவின் கட்டுரையில் ஒற்றுப்பிழை திருத்துவார். அவள் மனதில் ஒளி ஏற்றியதில்லை. அதைச் சொன்னேன்.

“ரொம்பக் காட்டமா இருந்துச்சு ஜெயசீலி. அப்படியே போட்டிருந்தா யாரும் படிச்சிருக்க மாட்டாங்க. இப்ப பன்னெண்டாயிரம் பேர் படிச்சிருக்காங்க.”

“எதைப் படிச்சாங்க?”

“உங்களத்தான்.”

“அது நான் இல்ல.”

நீங்கள் இன்னும் அதிர்ச்சியில் இருக்கிறீர்கள், இரண்டு நாள் கழித்துப் பேசுவோம் என்றார். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். காய்ச்சல்காரியிடம் பேசுகிற குரல். இரண்டு வருடத்தில் அந்தக் குரலில் அவர் என்னிடம் பேசியதே இல்லை.

ஜூலை 5, புதன்

என் வரிகளை எல்லாம் பழையபடி வைத்து, படத்தை நீக்கி, திரும்ப அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் மறுத்துப் பதில் வந்தது: ‘நன்றி. இப்போதுள்ள வடிவமே வாசகர்களுக்கு நெருக்கமாக இருக்கிறது.’

நான் எழுதியதை நான் எழுதியபடி வைக்கச் சொன்னதற்கு எனக்கு வந்த பதில் இது. எனக்கு நன்றி வேறு.

இனி இந்த நாட்குறிப்பில் ‘அவர்’ கிடையாது. அவன்.

ஜூலை 7, வெள்ளி

ரேஷனில் பருப்பு இல்லை, எண்ணெய் உண்டு. வரிசையில் நின்றபோது ரஹீமா வந்தாள். அரசுப் பள்ளியில் இயற்பியல் டீச்சர், தெருமுனையில் என்னோடு ஆரம்பத்திலிருந்தே எழுதுகிறவள். இதில் என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். நீ சொல்வது சரிதான், ஆனால் தயாளன் கெட்டவன் இல்லை என்றாள். கெட்டவன் என்று நான் எங்கே சொன்னேன்? கெட்டவனாக இருந்தால் ஒரு கெட்ட வார்த்தையோடு முடித்திருப்பேன்.

போகும்போது வேறொன்றும் சொன்னாள். அவனுக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறதாம். கூட்டத்தன்றுதான் பெண் பார்க்கப் போனார்களாம், அங்கேயே பூ வைத்துவிட்டார்களாம்.

அதனால் என்ன.

எண்ணெய்ப் பாக்கெட் பையில் உடைந்து அரிசியெல்லாம் பாழ். ஒழுங்காக ஒட்டக்கூடத் தெரியவில்லை இவர்களுக்கு.

ஜூலை 9, ஞாயிறு

எங்கள் வாட்ஸப் குழுவில் அவன் அறிவிப்புப் போட்டிருக்கிறான். வாசகர் கூடிவிட்டார்களாம், இனி யாரும் கட்டளை தட்டிக் கஷ்டப்பட வேண்டாமாம். எழுதுவதற்குத் தனிப் பக்கம் ஒன்று அமைத்திருக்கிறானாம், எல்லாருக்கும் எளிதாக. களஞ்சியத்துக்கு நேரடியாக அனுப்பும் வழி இன்று முதல் அவனுக்கு மட்டும்.

அந்த எளிதான பக்கத்தைத் திறந்தேன். திரைவாசிப்பான் சொன்னது: பொத்தான். பொத்தான். பெயரிடப்படாத பொத்தான். படம். பொத்தான். எழுதும் கட்டத்தைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம். கண்டுபிடித்து ஒரு பத்தி எழுதினேன். எந்தப் பொத்தானோ அதை அழித்துவிட்டது.

மற்ற இருவரும் கட்டைவிரல் படம் போட்டு வரவேற்றிருக்கிறார்கள். ரஹீமா ஒன்றும் போடவில்லை. அதற்காக அவளை வாழ்த்த வேண்டுமா என்ன?

ஜூலை 12, புதன்

ஒரு தனியார் பள்ளியிலிருந்து அழைப்பு. ‘தன்னம்பிக்கை’ என்ற தலைப்பில் பிள்ளைகளிடம் பேச வேண்டுமாம். கார் அனுப்புவார்களாம். வடிகாலைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, பாசிட்டிவாக ஏதாவது பேசுங்கள் மேடம் என்றார் அந்த அம்மா. வர முடியாது என்றேன்.

கட்டுரையில் வந்த அந்தப் படத்தை அம்மா பிரதி எடுத்து ஃபிரேம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். ஆணி அடிக்கிற சத்தம் வந்தபோதே என்னவென்று கேட்டிருக்க வேண்டும். எடுக்கச் சொல்லிக் கத்தினேன். “நீ அதுல எவ்ளோ லட்சணமா இருக்க தெரியுமா” என்றாள். அவள் குரல் உடைந்துவிட்டது. எடுக்கவில்லை. நானும் மறுபடி சொல்லவில்லை.

ஜூலை 14, வெள்ளி

ரஹீமா வேலைநேரத்தில் போன் செய்தாள். புளியமரத்தடியில் பூ விற்கிற பேச்சியம்மாள் காலையில் அந்த வடிகாலில் விழுந்துவிட்டார். பூக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார், கீழே தெரியவில்லை. இடுப்பெலும்பு முறிவு.

அவர் கண் நன்றாகத் தெரிகிற மனுஷி.

அதன் பிறகு வந்த செக்குகளை ஸ்கேனரில் எப்படி வைத்து எடுத்தேன் என்று தெரியவில்லை.

ஜூலை 15, சனி

ரஹீமாவின் ஸ்கூட்டரில் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். பேச்சியம்மாளுக்கு மருந்து மயக்கம். மகள் மாரிச்செல்வி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். என் குரலைக் கேட்டதும் எழுந்து நின்றாள்.

“நீங்க எழுதினத படிச்சேன்க்கா. வாட்ஸப்ல வந்துச்சு. அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டினேன்.”

கட்டில் கம்பியைத் தடவிப் பிடித்துக்கொண்டேன்.

“நீங்க எங்க விழுந்தீங்கன்னு மட்டும் அதுல இல்லக்கா. எங்கயோ பெரிய ஊர்லன்னு நெனச்சோம். அம்மா ஒரு மாசமா காய்ச்சல்ல வீட்லயே கெடந்துட்டு நேத்துதான் வியாபாரத்துக்குக் கெளம்புச்சு. அந்த ஓரம்னு தெரிஞ்சிருந்தா அம்மா அந்தப் பக்கம் போயிருக்காது.”

குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு, டீ வாங்கி வரட்டுமாக்கா என்று கேட்டாள்.

நான் இடத்தை எழுதியிருந்தேன். நாற்பது அடி என்றுகூட எழுதியிருந்தேன். அவளிடம் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவள் படித்ததில் என் பெயர்தான் இருந்தது.

வெளியே வந்ததும் ரஹீமா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கோலை மடக்கிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினேன்.

ஜூலை 16, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

கிட்டில் ஒன்று உண்டு. சேர்ந்து எழுதுகிற ஒவ்வொருவர் கணினியிலும் முழுக் களஞ்சியமும் இருக்கும். முதல் கட்டுரையிலிருந்து நேற்றுவரை, யார் எதை மாற்றினார்கள் என்ற வரலாறோடு. அவனிடம் சாவி இருக்கலாம், வீடு என்னிடமும் இருக்கிறது. என் பிரதியிலிருந்து என் கட்டுரையை எடுத்து, இலவச இணைய முகவரி ஒன்று வாங்கி, தனியாக ஏற்றினேன். பழைய தலைப்பு. பழைய வரிகள். ரஹீமா கூட உட்கார்ந்து, வடிகாலின் படத்தைச் சேர்த்தாள். வடிகாலின் படம் மட்டும். மாரிச்செல்வியிடம் போனில் கேட்டுக்கொண்டு, பேச்சியம்மாள் விழுந்ததையும் ஒரு பத்தி எழுதினேன்.

ஏற்றுவதற்கு முன் ஒருமுறை முழுக்க வாசிக்கக் கேட்டேன். ‘வருவதாகச் சொன்ன நண்பர் வரவில்லை’ என்ற வரி வந்ததும் நிறுத்தினேன். அதை நானே நீக்கினேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் ஒரு வரி எழுத வேண்டும். ‘வடிகாலுக்குத் தொடர்பில்லாதது’ என்று எழுதினேன். ஏன் என்று ரஹீமா கேட்கவில்லை. என் முதுகில் கை வைத்தாள். எடு என்றேன்.

குழுவில் முகவரியைப் போட்டுவிட்டு, ‘இதுதான் நான் எழுதியது. மற்றது நான் எழுதாதது’ என்று மட்டும் சொன்னேன். அம்மா தோசை வைத்தாள். பசிக்கவில்லை.

ஜூலை 18, செவ்வாய்

சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தான். அம்மா காபி போடப் போனாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பிறகு சொன்னான்.

“அந்த ஒரு வரிய நீங்களே எடுத்துட்டீங்க.”

“அது வடிகாலப் பத்தின வரி இல்ல.”

“அன்னைக்கு நான் பொண்ணு பாக்கப் போயிருந்தேன். போனை சைலன்ட்ல போட்டுட்டேன். உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். ஏன் சொல்லலன்னு எனக்கே தெரியல.”

எனக்குச் சொல்ல வேண்டிய அவசியம் எதுவும் இல்லையே என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது.

“அந்த ஒரு வரிய எடுக்கத்தான் கோப்பத் திறந்தேன். எடுத்த பிறகும் மத்ததெல்லாம் என்னையே திட்டற மாதிரி இருந்துச்சு. ஒவ்வொண்ணா மாத்திட்டேன். மாத்த மாத்த நல்லா இருக்கிற மாதிரி தோணுச்சு.”

“பேச்சியம்மாவுக்கு இடுப்புல கம்பி வெச்சிருக்காங்க. எந்த இடம்னு நான் எழுதியிருந்தேன். அதுவும் உங்களத் திட்டற வரியா?”

காபி வந்தது. குடிக்கிற சத்தம் கேட்கவில்லை. மன்னிச்சிருங்க, நான் என்ன செய்யணும் சொல்லுங்க என்றான். சொன்னேன். படத்தை எடு, வரிகளைத் திருப்பி வை, மாற்றியது யார் என்பதை உன் பெயரில் எழுது. ‘நீங்க’ போய் ‘நீ’ வந்ததை நான் கவனிக்கவில்லை. அவன் கவனித்திருப்பான்.

அப்புறம் அழைப்பிதழை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

ராத்திரி பார்த்தபோது தளத்தில் மாற்றியிருந்தது. கட்டுரைக்கு மேலே: ‘ஆசிரியரின் அனுமதி இல்லாமல் இக்கட்டுரையை மாற்றியதும், இடத்தைக் குறிக்க்கும் வரிகளை நீக்கியதும் நான். தயாளன்.’ சரியாகத்தான் எழுதியிருக்கிறான். ‘குறிக்கும்’ என்பதில் இரண்டு க் விழுந்திருந்தது. முன்பானால் திருத்தி அனுப்பியிருப்பேன்.

மன்னிப்புக் கேட்டானா என்று அம்மா கேட்டாள். கேட்டான். மன்னித்தேனா என்று கேட்டாள். தூங்கப் போ என்றேன். அழைப்பிதழை வாசித்துக் காட்டினாள். ஆவணியில், ஞாயிற்றுக்கிழமை. அன்று எனக்கு வேலை இருக்கிறது என்றேன். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை.

ஜூலை 20, வியாழன்

மாரிச்செல்வி வங்கிக்கு வந்து கட்டுரையின் நகலை வாங்கிப் போனாள். நகராட்சியில் மனு கொடுக்கப்போகிறாள், அதோடு இணைப்பாளாம். கடைவீதியில் ஐம்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டாயிரம் பேர் படித்தார்கள் என்றானே, அவர்கள் யாரும் இல்லை. அந்த வழியாக நடக்கிறவர்கள்.

ஜூலை 26, புதன்

காலையில் வேலைக்குப் போகும்போது பழைய கோர்ட்டு ரோட்டில் கான்கிரீட் மூடிகளை இறக்குகிற சத்தம். நின்றேன். மேஸ்திரி போலிருக்கிறது, ஒருவர் ஓடி வந்து என் கையைப் பிடித்தார். விடச் சொன்னேன். விட்டார்.

“எல்லாம் மூடியாச்சும்மா. நல்லபடியா முடிச்சிட்டாங்கன்னு எழுதிருங்க.”

நடந்து பார்க்கிறேன் என்றேன். ஸ்டேஷனரி கடையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு மூடியாக ஏறி மிதித்துக்கொண்டு போனேன். ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள், மண்வெட்டிச் சத்தம் நின்றுவிட்டது. புளியமரத்துக்குக் கொஞ்சம் முன்னால், பூக்கூடைகள் வைக்கிற இடத்தில், ஒரு மூடி காலுக்கடியில் ஆடியது.

“இது ஆடுது.”

“நாலு பேர் நடந்தா செட்டாயிரும்மா.”

“முதல் ஆளு நான் நடந்துட்டேன். ஆடுது.”

கொத்தனார் போய்விட்டார், நாளைக்குப் பார்க்கலாம் என்றார். நாளை வரைக்கும் நிற்கிறேன் என்றேன். அவர் சிரித்தார். நான் இறங்கவில்லை. பின்னால் பைக்குகள் ஹாரன் அடித்தன. யாரோ, அந்த அம்மாவுக்கு வழி விடுங்கப்பா என்று சொன்னார்கள், எனக்கு வழி தேவைப்படுகிறது என்று நினைத்துக்கொண்டு. மேனேஜருக்குப் போன் போட்டு வர நேரமாகும் என்று சொன்னேன். எவ்வளவு நேரம் என்றார். தெரியாது என்றேன். கணுக்கால் வலிக்க ஆரம்பித்தது. கோலை இரண்டு கையாலும் ஊன்றிக்கொண்டேன்.

வெயில் தலைக்கு ஏறியபோது அந்த ஆள் பெருமூச்சு விட்டு, அந்தப் பக்கம் திரும்பி, “ஒரு சட்டி கலவை கொண்டாடா” என்று கத்தினார்.

சட்டி வந்தது. கரண்டி சுரண்டுகிற சத்தம் பக்கத்தில் கேட்ட பிறகுதான் காலை எடுத்தேன்.